தனியனுக்கு ஐந்து குடி

மருங்கைவெளியில் ஓர் இணையத்தளம் தொடங்க எடுத்த முதல் முயற்சியில் நான்கு பேருக்கு மண்டை உடைந்தது. இரண்டாவது முயற்சியில் ஒருவருக்குக் கை முறிந்தது. காட்டு யானை தனியாக இவ்வளவு செய்து முடிக்க மூன்று போகம் எடுத்தது என்பதையும், அதற்குரிய மரியாதையோடு இங்கே சொல்லிவைக்கிறேன்.

மண்டூரைத் தாண்டி, வாவியை முதுகுப்பக்கம் விட்டுவிட்டு மேற்கே வயலுக்குள் இறங்கினால் எங்கள் ஊர். குடிக்கொரு வயற்பரப்பாக ஐந்து வட்டை, ஐந்து குடி, ஒரு பிள்ளையார். குடி என்பது தாய்வழியாக வருவது. யாருக்கு எந்தக் குடி என்று பிறக்கும்போதே முடிவாகிவிடும். அதற்குப் பிறகு அவர் படிக்கலாம், கனடா போகலாம், செத்தும் போகலாம், குடி மாறாது. கோவிலில் எந்தக் குடிக்கு முதல் திருநீறு, எந்தக் குடிக்கு முதல் காளாஞ்சி என்று வரிசை உண்டு. அந்த வரிசைக்காக எங்கள் ஊரில் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் இருப்பார்கள். நானும் ஒரு குடிக்காரன்தான். எந்தக் குடி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற நான்கு குடியும் இதற்கு மேல் வாசிக்காது.

கம்சாயினி பட்டணத்தில் நான்கு வருடம் கணினி நிறுவனம் ஒன்றில் இருந்தவள். கலியாண மண்டபங்களுக்கும் பல் வைத்தியர்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுத்தாள். தனோஜனைக் கட்டிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டாள். தனோஜனுக்குப் பாண் வண்டி. காலையிலும் பின்னேரமும் ஓட்டோவின் பின்பக்கக் கண்ணாடிப் பெட்டியில் பேக்கரிப் பாணும் பணிசும் நிரப்பி, வருவது தெரியப் பாட்டைப் போட்டுக்கொண்டு, ஐந்து வட்டை ரோட்டிலும் போய்வருவான்.

சென்ற வைகாசியில் ஒரு காலை, தனியன் அவனை மறித்தது. கூட்டத்திலிருந்து பிரிந்து திரியும் ஆண் யானையைத்தான் தனியன் என்போம். அது தலையைக் கொடுத்து ஓட்டோவைக் கவிழ்த்தது, பெட்டியை மிதித்தது, நாற்பது பாணைக் கடதாசியோடு தின்றது. தனோஜன் வாய்க்காலுக்குள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கிடந்தான். வீட்டுக்கு வந்து, “பணிசு பிடிக்கல்லப்போல, மிச்சம் விட்டிட்டுது” என்று சிரித்தான். கம்சாயினி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவன் வண்டி படலையைத் தாண்டினால், பாட்டுக் கேட்காமல் போகும்வரை அவள் படலையிலேயே நிற்பாள். அவன் செத்துப் போகக் கூடாது. அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அதற்கு அவள் ஒரு வழி யோசித்தாள். ஓர் இணையப் பக்கம். அதில் ஐந்து வட்டையின் பெயர். யானை நிற்கிற வட்டைக்கு நேரே ஒரு சிவப்புப் பொட்டு. அவ்வளவுதான். போன் வைத்திருக்கிற யாரும் வெளிக்கிடும் முன் ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாம். ஐந்து வட்டையிலிருந்தும் செய்தி வரவேண்டும் என்பதால், இது தனி ஆள் செய்கிற வேலை இல்லை, ஊரோடு சேர்ந்து செய்வோம் என்று நினைத்தாள். படித்த பிள்ளைகள் விடுகிற பிழை இது.

கோவில் நிருவாகத் தலைவரை எங்கள் பக்கத்தில் வண்ணக்கர் என்பார்கள். எங்கள் வண்ணக்கர் வினாயகமூர்த்தி, முதலாம் குடியான செம்போடி குடியின் தலைவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“நல்ல விசயம் புள்ள. ஆனா ஊரில ஒரு காரியம் எண்டா சபை வேணும். சபை இல்லாமச் செஞ்சா அது காரியமில்ல, களவு.”

அப்படியே யானை அறிவித்தல் இணையத்தளப் பரிபாலன சபை, கோவில் மண்டபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை உருவானது. ஐந்து குடித் தலைவர்களும் ஐந்து கதிரையில் இருந்தார்கள். செயலாளர் ரதீஸ் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தான். சபைக்குப் பெயர் வைக்க இரண்டு மணித்தியாலம் போனது. பிறகு கம்சாயினி தன் பக்கத்தைச் சுவரில் படமாகக் காட்டினாள். அன்று காலை தனியன் இரண்டாம் குடியான ஆலங்கண்டர் குடியின் வட்டையில் நின்றது. அதனால் ஆலங்கண்டர் வட்டை மேலே வந்து, அதற்கு நேரே சிவப்புப் பொட்டு எரிந்தது.

வண்ணக்கர் எழுந்தார்.

“யானை எங்க வேணுமெண்டாலும் நிக்கட்டும். அது மிருகம், அதுக்கு முறை தெரியா. நமக்குத் தெரியும்தானே? முதலாம் குடியிர வட்டைதான் மேல நிக்கோணும். இந்தத் தனியன் பன்னிரண்டு வருசத்துக்கு முதல் முதன்முதலா இறங்கினது எங்கட செம்போடி வட்டையில. என்ட மாமாவ மிதிச்சுத்தான் ஊருக்குள்ளயே வந்தது. அந்தப் பெருமய நாங்க ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்க ஏலா.”

இரண்டாம் குடித் தலைவர் உதயரூபன் ஒப்பந்தகாரர். ஊரின் பாதி மதகுகள் அவர் கட்டியவை, பாதி விழுந்துவிட்டன. அவரும் எழுந்தார்.

“உங்கட மாமா வெறியில வரம்பில படுத்துக்கிடந்தவர். எங்கட குடியில ரெண்டு பேர் நிதானமா நிண்டு செத்திரிக்காங்க. எண்ணிக்கையில பாத்தா யானை எங்களுக்குத்தான் மரியாத தந்திரிக்கு.”

அப்போது மூன்றாம் குடித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். யானைக்கு எந்தக் குடி? யானைக் கூட்டத்துக்குத் தாய் யானைதான் தலைமை, குட்டி தாயோடுதான் போகும், ஆகவே யானையும் நம்மைப் போலத் தாய்வழிதான், அதற்கும் ஒரு குடி இருக்கத்தான் வேண்டும் என்றார். நான்காம் குடித் தலைவர், தனியன் தாயை விட்டு வந்தது, அதற்குக் குடி கிடையாது என்றார். ஐந்தாம் குடித் தலைவர், குடி கிடையாது என்று தன்னைப் பார்த்துக்கொண்டு ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார்.

முதல் கதிரை பறந்தது அதற்குப் பிறகுதான். கம்சாயினி தன் கணினியை மடியில் மூடிக்கொண்டு தூணுக்குப் பின்னால் இருந்தாள். குத்துவிளக்கின் மேல்தட்டைக் கழற்றி ஒருவர் மற்றவரின் நெற்றியில் போட்டார். கீழ்த்தண்டை இன்னொருவர் எடுத்தார். எண்ணெய் சிந்தியதால் அடிக்கப் போனவர்களில் பாதிப் பேர் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே கடித்தார்கள். நான்கு மண்டைக்கும் சேர்த்து முப்பத்தொரு தையல் இழை போட்டார்கள். ரதீஸ் மூக்கில் இரத்தம் வழிய வழிய, “கூட்டம் இனிதே நிறைவுற்றது” என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தான்.

பெரியவர்கள்தான் இப்படி, இளம் பெடியன்கள் அப்படி இல்லை என்று கம்சாயினி நினைத்தாள். படித்த பிள்ளைகள் விடுகிற இரண்டாவது பிழை.

குடிக்கு ஒருவனாக ஐந்து பேரைச் சேர்த்து வட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினாள். முதல் நாளே எல்லாரையும் அட்மின் ஆக்கும்படி கேட்டார்கள், ஆக்கினாள். மறுநாள், யாரை முதலில் அட்மின் ஆக்கினாய் என்று கேட்டார்கள். குழுவின் பெயர் ஒரு கிழமையில் பத்தொன்பது தடவை மாறியது. ஒருவன் மற்றவனை நீக்குவான், நீக்கப்பட்டவனை வேறொருவன் சேர்ப்பான், சேர்த்தவனை முதலாமவன் நீக்குவான். யானையைப் பற்றி எழுதியவன் நிலோஜன் மட்டும்தான். அவன் நான்காம் குடி. காலையும் மாலையும் சைக்கிளில் போய்ப் பார்த்து, எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறது என்று ஒழுங்காகப் போடுவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதகடியில் இரண்டு அட்மின்கள் கிரிக்கெட் மட்டையோடு சந்தித்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. அந்தச் சண்டையில் நடுநிலை வகித்த குற்றத்துக்காக நிலோஜனை அன்று மத்தியானமே குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பின்னேரம் அவன் தனியனைக் கண்டான். செய்தி போட்டுப் பார்த்தான், போகவில்லை. அறுவடைக்கு வந்த பெண்கள் வயலை விட்டுத் திரும்புகிற நேரம். செய்தி போகாததால் அவனே போனான். பெண்களை மறித்துத் திருப்பிவிட்டான். அவன் திரும்புவதற்குள் யானை வந்துவிட்டது. அவனில் மிஞ்சியதை அந்தப் பெண்கள் உரப்பையில்தான் தூக்கினார்கள்.

இரங்கல் கூட்டத்தில் வண்ணக்கர் தலையில் கட்டோடு பேசினார்.

“நிலோஜன்ட இழப்பு ஈடுசெய்ய ஏலாத இழப்பு. ஆனா ஒண்டச் சொல்லோணும். சபைக்கு வெளிய போய்ச் செஞ்ச வேல. சபையூடாப் போயிருந்தா எல்லாம் முறைப்படி நடந்திரிக்கும்.”

நிலோஜனின் தாய் எழுந்து மண்ணை அள்ளி அவர் மேல் வீசினார். அதையும் ரதீஸ் “தாயார் உணர்ச்சிவசப்பட்டார்” என்று எழுதினான். எனக்கு அன்று அவனுடைய பேனையைப் பிடுங்கி அவன் கண்ணிலேயே குத்தவேண்டும்போல் இருந்தது. ஊரில் மரியாதையாக வாழ்கிறவன் என்றபடியால் குத்தவில்லை.

கம்சாயினி செத்த வீட்டிலிருந்து வந்தாள். முழுகினாள். சமையலறை மேசையில் கணினியை வைத்தாள். பிற்பகல் மூன்று மணிக்கு, விளக்கு ஏற்றாமல், தேங்காய் உடைக்காமல், ஒரு குடியிடமும் கேட்காமல், பக்கத்தைத் திறந்துவிட்டாள். தனோஜன் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

“யாரு செய்தி தருவாங்க?” என்று கேட்டான்.

“உங்கட பாண் ஆக்கள்.”

அதுதான் அவள் கண்ட வழி. ஐந்து வட்டையிலும் வீட்டுக்காரர்கள் எப்படியும் காலையில் அவளுடைய போனுக்கு எழுதுவார்கள்: ரெண்டு பாண், ஆறு பணிசு. அவள் எல்லாருக்கும் ஒரே பதில் போட்டாள்: யானை? அவர்கள் எழுதினார்கள்: ரெண்டு பாண், யானை இல்ல. மூண்டு பாண், மதகடியில நிக்குது. ஒரு றாத்தல் பாண், இப்பதான் எங்கட வேலியப் பிடுங்கிட்டுப் போகுது, பாணக் கொஞ்சம் பிந்திக் கொண்டு வாங்க. அவள் பொட்டை மாற்றினாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் முன் தாய்மார் பக்கத்தைப் பார்த்தார்கள். உரம் ஏற்றப் போகிறவர்கள் பார்த்தார்கள். களுதாவளையில் கலியாணம் கட்டிப் போன பெண்கள் தாய் வீட்டுக்கு வரும் முன் பார்த்தார்கள். தனோஜனும் வெளிக்கிடும்போது பார்த்துவிட்டு, சிவப்பு இல்லாத ரோட்டால் போனான். மூன்று கிழமை ஒருவரும் சாகவில்லை. கம்சாயினி பகலில் ஒரு குட்டித் தூக்கம் போடத் தொடங்கியிருந்தாள்.

நான்காம் கிழமை திங்கட்கிழமை வண்ணக்கரும் செம்போடி குடியார் பதினைந்து பேரும் படலைக்கு வந்தார்கள்.

“மூண்டு கிழமையா எங்கட வட்டையில ஒரு பொட்டில்ல” என்றார் வண்ணக்கர்.

“உங்கட பக்கம் யானை வரயில்லையே பெரியப்பா. நல்லதுதானே.”

“நல்லதா? ரெண்டாம் குடிக்கு ஒம்பது தரம் பொட்டு வச்சிரிக்காய். தேத்தாத்தீவில இருந்து என்ட சம்மந்தி போன் எடுத்துக் கேக்கிறார், உங்கட வட்டைய யானைகூடத் திரும்பிப் பாக்குதில்லையாமே எண்டு. நான் என்ன முகத்தோட அந்த வாசல்ல ஏறுற?”

“இல்லாத யானைய எப்படிப் போடுற?”

“இல்லாட்டி என்ன புள்ள? சாமி வீதி சுத்தயிக்க முதல்ல நிக்கிற வீட்டில ஆள் இல்லாட்டியும் நிண்டுதான் போகும். வரிசை எண்டா வரிசைதான். பொறகு அது எங்க போகுதோ போகட்டும்.”

அவள் முடியாது என்றாள். அன்று பின்னேரமே கூரை ஓட்டில் கல் விழுந்தது. மறுநாள் ஆலங்கண்டர் குடியார் வந்தார்கள். அவர்களுக்கு வேறு கோபம். ஒன்பது தரம் எங்கள் வட்டையைப் போட்டு யானையை எங்களுக்குள்ளேயே பழக்கிவிட்டாய் என்றார்கள். அவர்கள் பாண் வண்டியின் கண்ணாடிப் பெட்டியை உடைத்தார்கள், தடுக்கப் போன தனோஜனின் காதைக் கிழித்தார்கள். புதன்கிழமை செம்போடி குடியார் திரும்பி வந்து, இரண்டாம் குடி உடைத்த வண்டியை முதலாம் குடி உடைக்காமல் விடுவது முறையில்லை என்று மிச்சத்தையும் உடைத்தார்கள். வியாழக்கிழமை இரண்டு குடியும் ஒரே நேரத்தில் வந்துவிட்டதால் கம்சாயினியின் வீட்டை மறந்து தங்களுக்குள் வெட்டிக்கொண்டார்கள். அவளுடைய முற்றத்தில் ஒரு விரல் கிடந்தது. எந்தக் குடி விரல் என்று தெரியாததால் எடுக்க ஒருவரும் வரவில்லை, கடைசியில் நாய் கொண்டுபோனது.

பொலிஸ் பொறுப்பதிகாரி எல்லாரையும் கூப்பிட்டார். நல்ல மனிதர், பதவி உயர்வுக்குக் காத்திருந்தார்.

“தங்கச்சி, நான் உங்களப் பிழை சொல்லயில்ல. ஆனா பாருங்க, யானை நாலு பேரக் கொண்டது, ஒரு முறைப்பாடும் வரல்ல. நீங்க அது எங்க நிக்குது எண்டு சொல்லத் தொடங்கின பொறகுதான் முப்பத்தாறு முறைப்பாடு. அப்ப அமைதியக் குழப்பினது யாரு, யானையா நீங்களா?”

தனோஜனின் காதில் ஏழு இழை இருந்தது. கம்சாயினி அவனைப் பார்த்தாள். இணக்கப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தாள். அதன்படி பக்கமும் சபைக்கு, செய்தி வருகிற போனும் சபைக்கு. அவளுடைய சொந்தப் போன் அது. ஊரில் பாண் வாங்குகிற எல்லாருடைய இலக்கமும் அதற்குள்தான். சபை முறைப்படி திறப்புவிழா வைத்த பிறகு, செய்தி வந்தால் ஐந்து தலைவர்களும் ஒன்றாகப் பார்த்துப் பொட்டு வைப்பார்கள்.

போனைப் பூட்டுவதிலும் ஒரு முறை செய்தார்கள். பூட்டுக்கு ஆறு இலக்கம். ஐந்து தலைவர்களுக்கும் ஆளுக்கு ஓர் இலக்கம், அதை மற்றவருக்குச் சொல்லக் கூடாது. ஆறாவது பிள்ளையாருக்கு, அவருக்குப் பூச்சியம் கொடுத்தார்கள். ஒருவர் அமத்தும்போது மற்ற நால்வரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எந்த ஒழுங்கில் அமத்துவது என்பதற்கு இன்னும் இரண்டு பல் போனது. கடைசியில் குடி வரிசைப்படி என்று தீர்ந்தது.

திறப்புவிழா அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு. கோவில் மண்டபத்தில் பந்தல், மேளம், பதாகை. போனை வெள்ளித் தாம்பாளத்தில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் பூசியிருந்தார்கள். திருஷ்டிக்கு நீற்றுப்பூசணிக்காயும், அதை வெட்ட வளைந்த கத்தியும் பக்கத்தில் இருந்தன. கம்சாயினிக்கு முன்வரிசையில் ஓரக் கதிரை. போன் பூட்டிக் கிடந்ததால் அன்று காலை பக்கத்தில் பொட்டே இல்லை. தனோஜனை இன்று போகவேண்டாம் என்று கேட்டுப் பார்த்தாள். கடனுக்கு எடுத்த ஓட்டோவில் புதுப் பெட்டி பூட்டிய முதல் நாள். “பின்னேரப் பாண் நாளைக்கு யாரு தின்னுற? கெதியா வந்திருவன்” என்று சொன்னவன், விழா தொடங்கிய பிறகு நாலு மணிக்கு வெளிக்கிட்டான்.

நாலேகாலுக்குக் கொஞ்சம் முன்பு, வண்ணக்கர் பேசிக்கொண்டிருக்கும்போது, தாம்பாளத்தில் போன் நடுங்கியது. வெள்ளியில் பட்டு ஓசை கிணுகிணுவென்று வந்தது. வண்ணக்கர் ஒரு கணம் நிறுத்தி, “பிள்ளையாரே மணியடிச்சு ஆசீர்வதிக்கிறார்” என்றார். சனம் கைதட்டியது. போன் திரும்பவும் நடுங்கியது. திரும்பவும்.

கம்சாயினி எழுந்தாள்.

“பெரியப்பா, அதில செய்தி வருகுது. ஒருக்காப் பாருங்க.”

“இரி புள்ள. இன்னும் திறக்கயில்லையே. திறக்காத பொருளில எப்படிப் பாக்கிற?”

அவள் ரதீஸின் போனை வாங்கித் தனோஜனுக்கு எடுத்தாள். மணி போனது, போனது, அவன் எடுக்கவில்லை. பாண் பாட்டுக்குள் அவனுக்குப் போன் கேட்காது. எந்த ரோட்டு என்று தெரிந்தால் அவள் ஓடியிருப்பாள். ஐந்து ரோட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இரண்டு மைல். எந்த ரோட்டு என்பது தாம்பாளத்தில் சந்தனம் பூசிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஐயாமாரே, உங்கட கால்ல விழுறன். இலக்கத்த அமத்துங்க. அவர் ரோட்டில நிக்கிறார்.”

“அமத்துறத்துக்கு ஆள் குறையுதே” என்றார் உதயரூபன். “அஞ்சாங்குடி வெளிய போயிட்டார். பதாகையில அவர்ர பேர் சின்னனாம். அதோட, நான் இன்னும் பேசவும் இல்ல. வண்ணக்கர் மட்டும் பேசி முடிச்ச உடன திறந்தா அது என்ன முறை?”

“நான் இன்னும் முடிக்கயில்ல” என்றார் வண்ணக்கர்.

கம்சாயினி மேடையில் ஏறிக் கத்தியை எடுத்தாள். பூசணிக்காய் வெட்டப் போகிறாள் என்று நினைத்து மேளகாரர் அடிக்கத் தொடங்கினார். அவள் வண்ணக்கரின் சால்வையைப் பிடித்து இழுத்துக் கழுத்தில் கத்தியை வைத்த பிறகுதான் மேளம் நின்றது.

“இலக்கம்.”

“புள்ள, இது சபை...”

“உங்கட இலக்கம்!”

“ஒண்டு” என்றார் வண்ணக்கர்.

அவள் உதயரூபனிடம் திரும்பினாள். அவர் கத்தியைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், பிறகு மெல்லிய குரலில், “ஒண்டு” என்றார். மூன்றாம் குடித் தலைவர் ஒண்டு. நான்காம் குடித் தலைவர் ஒண்டு. வாசற்படியில் கோபித்துக்கொண்டிருந்த ஐந்தாம் குடித் தலைவரிடம் அவள் ஓடினாள். அவள் கேட்கும் முன்பே அவர் கையைத் தூக்கி, “ஒண்டு மனே, ஒண்டு” என்று அழுதார். ஒருவரும் தன்னை ஒன்றுக்குக் கீழே வைக்கச் சம்மதித்திருக்கவில்லை. வரிசைக்காக இரண்டு பல் கழன்ற அந்தப் பூட்டை எந்த வரிசையில் அமத்தினாலும் திறந்திருக்கும்.

போன் திறந்தது. மேலே நின்ற செய்திகள் எல்லாம் சீதேவிப்பிள்ளை அக்காவிடமிருந்து வந்தவை. இரண்டாம் வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறவர், தினம் மூன்று பாண் எடுப்பவர். கம்சாயினி மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால், அவள் வாய்க்குள் வாசித்தது மண்டபம் முழுக்கக் கேட்டது.

நாலு பன்னிரண்டு: தங்கச்சி, தனியன் ரெண்டாம் வாய்க்கால் ரோட்டில ஏறிட்டுது. பாண் தம்பிய வரவேணாம் எண்டு சொல்லுங்க.

நாலு பதினாறு: பாத்தியளா தங்கச்சி?

நாலு பத்தொன்பது: பாட்டுக் கேக்குது. கிட்ட வாறார். சொல்லுங்ககா.

நாலு இருபத்தொன்று: நான் கத்துறன், அவருக்குக் கேக்குதில்ல.

நாலு இருபத்துநாலு: பாட்டு நிண்டுட்டு.

அப்போது நேரம் நாலு நாற்பத்தொன்று.

அந்த மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தோம். கம்சாயினி போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள், இன்னும் ஒரு செய்தி வரும் என்று நினைத்தாளோ தெரியாது. அப்போது வண்ணக்கர் கழுத்தைத் தடவிக்கொண்டு கேட்டார்.

“புள்ள, அது எந்த வட்டையாம்?”

“ரெண்டாம் வாய்க்கால் எண்டா எங்கட” என்றார் உதயரூபன்.

“வாய்க்காலுக்கு இஞ்சால் கரை எங்கட. வண்டி எந்தக் கரையில நிண்டது எண்டு கேட்டுப் பாரு புள்ள.”

கம்சாயினி திரும்பினாள். கத்தி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கதிரைக்குக் கீழே கிடந்து கேட்டேன், பார்க்கவில்லை. ஐந்து தலைவர்களுக்கும் வெட்டு. தோளில் ஒருவருக்கு, முழங்கையில் ஒருவருக்கு, கையைக் குறுக்கே நீட்டியவருக்கு இரண்டு விரல், ஓடியவருக்கு முதுகு, ஓடாமல் நின்று கும்பிட்டவருக்குக் கன்னம். ஒருவரும் சாகவில்லை. அவள் வெட்டி முடித்து, கத்தியைப் பூசணிக்காயில் குத்தி வைத்துவிட்டு, இரண்டாம் வாய்க்கால் ரோட்டுக்கு வெறுங்காலோடு ஓடினாள். தனோஜன் வண்டிக்குக் கீழே இருந்தான். அவனை எடுக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். பாண் ஒன்றையும் யானை தொட்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். இரண்டு பொலிஸ் பெண்கள் அவளை ஒரு மணித்தியாலத்துக்குக் கூட்டிவந்தார்கள். அவள் அவனுடைய கிழிந்த காதை மட்டும் தடவிக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அழுதது நாங்கள்தான், வெட்கம் கெட்டவர்கள்.

வழக்கு ஒரு சிக்கலில் நிற்கிறது. ஐந்து தலைவர்களும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனித்தனியே வாக்குமூலம் கொடுத்தார்கள். ஐந்திலும் ஒரே வசனம்: முதல் வெட்டு எனக்குத்தான் விழுந்தது. வண்ணக்கர் அதற்குச் சாட்சியாகத் தன் குடியிலிருந்து நாற்பது பேரைத் தந்திருக்கிறார். உதயரூபன் அறுபது பேரைத் தந்திருக்கிறார். இதற்காக ஆஸ்பத்திரி வாசலில் இன்னொரு கைகலப்பும் நடந்துவிட்டது. ஊரில் அமைதி வரவேண்டுமானால் முதல் வெட்டு யாருக்கு என்று தெரிந்தாக வேண்டும் என்று பொறுப்பதிகாரி விளக்கமறியலுக்கே போய்க் கம்சாயினியிடம் கேட்டார். அவள் சுவரில் சாய்ந்து இருந்தாள்.

“நான் குடி வரிசை பாத்து வெட்டயில்ல சேர்” என்றாள்.